உராய்வு: தள்ளக் கடினமான மோட்டார் சைக்கிள்

வினா: நியூட்ரலில் உள்ள மோட்டார் சைக்கிளொன்றைச் சமதரையில் தள்ளுவது கடினமாக உள்ளது. காரணத்தை எவ்வாறு கண்டறிவீர்?

மாணவர்களே, "உராய்வு அதிகம்" என்று மட்டும் எழுதினால் விடை நிறைவுறாது. எவ்விடத்தில் அதிகம் என்பதைப் படிமுறையாகக் காட்டுங்கள்.

1. ரயர்களைப் பாருங்கள். காற்றுக் குறைந்த ரயர் நசிந்து உருள்வதால் சக்தி வீணாகும்.

2. எஞ்சினை நிறுத்தி, நடுத்தாங்கியில் ஏற்றி, பின்சில்லைக் கையால் சுழற்றுங்கள். உடனே நின்றால் பிறேக் சப்பாத்து உரசக்கூடும். ட்ரம் பிறேக் எனில் அதன் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள்.

3. இன்னும் இறுக்கமெனில் சங்கிலியைப் பாருங்கள். சிறிய சைக்கிள்கள் பலவற்றில் அதன் நடுப்பகுதி 20–30 மில்லிமீற்றர் வரை மேலும் கீழும் அசைய வேண்டும்.

4. கரகரவென்ற ஓசையும் பக்கவாட்டு ஆட்டமும் இருந்தால் போதிகை தேய்ந்திருக்கும்.

5. பின்சில்லு இலகுவாகச் சுழன்றால் முன்சில்லையும் சோதியுங்கள்.

கவனிக்க: உரசும் பிறேக் சூடேறும், ஓடிவந்த உடனே தொடாதீர்கள். நட்டை மிகையாகத் தளர்த்தினால் பிறேக் பிடிக்காது, உயிராபத்து ஏற்படலாம். மிதித்துச் சில்லு நிற்பதை உறுதிசெய்த பின்னரே ஓட வேண்டும்.

நினைவிற்கொள்க: போதிகையில் உராய்வு குறைய வேண்டும், பிறேக்கில் வேண்டியபோது இருக்க வேண்டும்.

பயிற்சி: இச்சைக்கிளில் உராய்வு பயன்தரும் இடங்கள் இரண்டு தருக.