மலைத் தோட்டத்துப் பிக்கப்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

நம் மாதக் கூட்டத்தில் விதை, உரம், விலை எல்லாம் பேசி முடித்த பிறகு மலைக்காரர்கள் பேச்சு கடைசியில் வண்டியில்தான் வந்து நிற்கும். 'சார், நீங்க நாலு வீலும் இழுக்கிற வண்டி வச்சிருக்கீங்களே, அதுல என்னென்ன மாத்தியிருக்கீங்க?' என்று கேட்காத ஆள் இல்லை. தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரு தடவை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் மெக்கானிக் இல்லை. முப்பத்து மூன்று வருடம் வங்கியில் இருந்தவன். டிராக்டர் கடன், ஜீப் கடன் என்று எத்தனையோ கோப்பில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு சிறுமலையில் நாலரை ஏக்கர். மலை வாழை, மிளகு, காப்பி, எலுமிச்சை, நடுநடுவே பலா. தார்ச் சாலையில் இருந்து தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் மண் பாதை, நடுவில் ஒரு ஓடை. வண்டி, மூன்றாம் கையாக வாங்கிய மகிந்திரா பிக்கப். திண்டுக்கல்லில் ஒரு மெக்கானிக் தம்பி அதை என் கண் முன்னால் அக்கு அக்காகப் பிரித்துப் பூட்டியபோது பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் இங்கே எழுதுவது.

வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். அதில் இரண்டு எடை போட்டிருக்கும். ஒன்று வெற்று வண்டியின் எடை. இன்னொன்று ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கழித்தல் கணக்குத்தான் உங்களுக்குக் கிடைக்கும் சுமை. அது 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அமுதக்கரைசல் நிரப்பிய 200 லிட்டர் பேரல் மூன்று ஏற்றினால் பேரலோடு சேர்த்து 630 கிலோ போய்விட்டது. முன்னால் மூன்று பேர் உட்கார்ந்தால் 200. மிச்சம் 170 கிலோ. இப்போது முன்பக்கம் கனத்த இரும்பு பம்பர், மேலே கேரியர், ஒரு வின்ச், கூடுதலாக ஒரு ஸ்டெப்னி என்று 150 கிலோ இரும்பை மாட்டிவிட்டால் மீதி 20. மலை வாழைத் தார் ஒன்று 12 கிலோ என்று வைத்தால், பன்னிரண்டு தாரைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு இரும்பை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறோம். பார்க்க மிடுக்காக இருக்கும், அவ்வளவுதான். வண்டியில் ஒரு சாமான் கூட்டும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. வங்கிப் புத்தி, போகவில்லை.

பேரல் என்றதும் ஒன்று சொல்லணும். பாதி நிரம்பிய பேரல் முழுப் பேரலைவிட ஆபத்து. வளைவில் திரும்பும்போது உள்ளே இருக்கும் கரைசல் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து வண்டியையும் அந்தப் பக்கமே தள்ளும். நிரப்பினால் கழுத்து வரை நிரப்புங்கள். இல்லையென்றால் தாய்க் கரைசலை மட்டும் கேனில் கொண்டுபோய்த் தோட்டத்தில் தண்ணீர் கலந்துகொள்ளலாம். நான் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன். தண்ணீரை மலை மேல் சுமப்பதில் அர்த்தம் இல்லை.

அடுத்தது பட்டை. பழைய வண்டி வாங்கியவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். 'சார், பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்துட்டா ரெண்டு டன் தாராளமா ஏத்தலாம்' என்று பட்டறையில் சொல்வார்கள். பட்டை சேர்த்தால் வண்டி உட்காராது, அது உண்மை. ஆனால் அச்சு பழைய அச்சுதான், வீல் பேரிங் பழைய பேரிங்தான், பிரேக்கும் அதே பிரேக்தான். கூடின எடையைப் பட்டை தாங்கும், பிரேக் தாங்காது. இன்னொரு தொல்லையும் உண்டு. சுமை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது விறைத்த பட்டை மடங்காது. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். நிலத்தைத் தொடாத சக்கரத்துக்கு நாலு வீல் இழுவை இருந்து என்ன பயன்? என் வண்டியில் பட்டை எண்ணிக்கையைக் கூட்டவே இல்லை. தளர்ந்துபோன பட்டைகளை எடுத்துவிட்டுக் கம்பெனி அளவிலேயே புதிது போட்டோம். கூடவே புஷ், ஷாக்கிள் பின், சென்டர் போல்ட், யு போல்ட் எல்லாம் புதிது. பழைய யு போல்ட்டைத் திரும்ப மாட்டவே கூடாது என்றார் தம்பி. ஒரு தடவை இழுத்து முறுக்கியது மறுபடி அந்தப் பிடியைக் கொடுக்காதாம். வேலை முடிந்து 500 கிலோமீட்டர் ஓடின பிறகு ஸ்பேனர் வைத்து எல்லாவற்றையும் இன்னொரு முறை இறுக்கணும். யு போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுபடும், அச்சு நகர்ந்துவிடும். பின்னால் இருந்து பார்த்தால் வண்டி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடப்பது தெரியும்.

வண்டியைத் தூக்கிக் கட்டுவது இளைஞர்களுக்குப் பிடித்த வேலை. நாலு அங்குலம் தூக்கினால் பாறை அடியில் தட்டாது என்பார்கள். தூக்கினால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி, கிராஸ் சீக்கிரம் தேயும். சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸ் நீளம் பற்றாமல் இழுபடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சரிவில் பக்கவாட்டாகப் போகும்போது உயர்ந்த வண்டி சீக்கிரம் கவிழும். மேலே தார் அடுக்கியிருந்தால் சொல்லவே வேண்டாம். தோட்டப் பாதையில் துருத்திக்கொண்டிருந்த மூன்று பாறைகளைக் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தேன். ஒரு நாள் வேலை, இரண்டு ஆள் கூலி. வண்டியைத் தூக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

டயரில் பெரிய சைஸ் போடுவதும் இதே கதைதான். குறுக்களவு பத்து சதவீதம் கூடினால் ஸ்பீடா மீட்டர் 40 காட்டும்போது வண்டி 44ல் போகும். ஏற்றத்தில் இழுவை அதே அளவு குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். கம்பெனி அளவிலேயே ஆழமான கட்டை உள்ள டயர் போதும். சேற்றில் மாட்டிக்கொண்டால் காற்றைக் குறைப்பது நல்ல வழி. சுமை இல்லாத வண்டியில் 35ல் இருந்து 20க்கு இறக்கினால் டயர் அகன்று படிந்து பிடிக்கும். சுமையோடு இதைச் செய்யாதீர்கள், டயரின் பக்கச் சுவர் கிழிந்துவிடும். தார்ச் சாலைக்கு ஏறும் முன் திரும்பக் காற்று அடிக்க ஒரு பம்பு வண்டியிலேயே இருக்கணும். ஐப்பசி மழையில் நான் பின் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிக்கொள்வேன். தார்ச் சாலை வந்ததும் அவிழ்த்துவிடணும்.

இனி பிரேக். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தி படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

சிறுமலைச் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்து வண்டி தார் ஏற்றிக்கொண்டு இறங்கியது. மேலே நாலு பெண்கள், அறுவடைக்கு வந்தவர்கள். பாதி வளைவு தாண்டுவதற்குள் பிரேக் பெடல் தரை வரை போய்விட்டது. ஓட்டுநர் விவரமான ஆள். பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கச் சரிவில் வண்டியை உரசி நிறுத்திவிட்டார். உயிர்ச்சேதம் இல்லை. ஒரு அம்மாவுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. மறுநாள் காலையில் மெக்கானிக் வந்து மிதித்துப் பார்த்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது! 'டிரைவர் தூங்கியிருப்பான்' என்றுகூடப் பேசினார்கள்.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெய் இல்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு திரவம். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கணும் என்பது தர விதி. ஈரம் ஏறிய நிலைக்கு விதி கேட்பது 140 டிகிரிதான். அந்த நிலைக்கு வர நூற்றுக்கு நான்கு பங்கு நீர்கூடச் சேர வேண்டியதில்லை. வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் பழுக்கக் காய்கிறது, சூடு வீல் சிலிண்டருக்குப் போகிறது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால் பெடல் அமுங்குகிறது, அழுத்தம் சக்கரத்துக்குப் போவதில்லை. ஆறினால் ஆவி திரும்ப நீராகிவிடும், பெடலும் பழையபடி வந்துவிடும். அந்த வண்டியின் திரவத்தை இறக்கிப் பார்த்தபோது காப்பி டிகாஷன் நிறத்தில் இருந்தது. கடைசியாக எப்போது மாற்றினோம் என்று யாருக்கும் நினைவில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் திரவம் முழுவதையும் இறக்கிப் புதிது ஊற்றுங்கள். மலை வண்டிக்கு வருடம் ஒரு முறை என்றாலும் தப்பில்லை. மேலே மட்டும் ஊற்றி நிரப்புவது மாற்றியதாகாது. திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருந்ததை ஊற்றவும் வேண்டாம். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற வேலை மலையில் வேண்டாம். கிளட்சில் கால் வைத்துக்கொண்டும் இறங்கக்கூடாது. எஞ்சின் பிடித்து நிறுத்துவதுதான் மலையில் முதல் பிரேக், காலில் இருப்பது இரண்டாவது.

அந்த விபத்தில் காப்பீடு கிடைக்கவில்லை. சரக்கு வண்டியில், ஆர்.சி.யில் உள்ள இருக்கைக் கணக்குக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள் என்று காரணம் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாவின் மருத்துவச் செலவும் மூன்று மாதக் கூலியும் தோட்டக்காரர் கையில் இருந்து போனது. கொடுத்தார், நல்ல மனிதர். ஆனால் எல்லாத் தோட்டக்காரரும் கொடுப்பார்களா? என் தோட்டத்து ஆட்கள் இப்போது பேருந்தில் வருகிறார்கள், டிக்கெட் காசு நான் கொடுக்கிறேன்.

சட்டம் என்று பார்த்தால், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்பில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. முன்னால் மாட்டும் கம்பி பம்பருக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. பணம் போட்டு மாட்டிவிட்டு, பிறகு தகுதிச் சான்றுக்குப் போகும்போது கழற்றி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் நான் மாற்றியதுதான் என்ன? முக்கியமானது ஒரு ரப்பர் குழாய், இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. அச்சின் நடுவில் கிரவுன் இருக்கும் ஹவுசிங்கில் காற்றுப் போய்வர ஒரு சின்னத் துவாரம், அதன் மேல் மூடி இருக்கும். ஓடின சூட்டில் இருக்கும் ஹவுசிங் ஓடையின் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கினால் உறிஞ்சும். துவாரம் அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாக நீர் உள்ளே போகும், திறந்திருந்தால் நேராகவே போகும். அந்த மூடியைக் கழற்றிக் குழாய் மாட்டி, நுனியை எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டோம். முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும். அதற்கு முன்னால் ஹவுசிங்கில் இருந்த 90 நம்பர் ஆயிலை இறக்கியபோது மோர் மாதிரி வெளுத்து வந்தது. முந்தைய உரிமையாளர் ஓடை தாண்டிய புண்ணியம். வெளுத்த ஆயிலைப் பார்த்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், பேரிங் துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

ஓடையில் இறங்கும் முன் கம்பு ஊன்றி நடந்து பாருங்கள். சக்கரத்தின் மையத்துக்கு மேல் நீர் இருந்தால் காத்திருப்பதுதான் சரி. நடு ஓடையில் எஞ்சின் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யக்கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கயிறு கட்டி இழுப்பதுதான் வழி. கரை ஏறியதும் மெதுவாகப் போய்க்கொண்டே நாலைந்து தடவை பிரேக்கை மிதித்து லைனிங்கைக் காயவிடணும்.

நாலு வீல் இழுவையைத் தார்ச் சாலையில் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல பிடிப்பு இருக்கும் என்று. நம் மாதிரிப் பழைய வண்டிகளில் அது கெடுதல். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஓடும் தூரம் வேறு வேறு. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க முடியாமல் முறுக்கு ஏறிக் கிராஸ் உடையும். கையால் திருப்பும் ஹப் உள்ள வண்டியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திருப்பியிருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள்.

இயற்கை விவசாயி வண்டிக்கே உரிய நோய் ஒன்று இருக்கிறது. மாட்டு மூத்திரமும் சாணிக் கரைசலும் சிந்திச் சிந்தி, தொட்டியின் தகடும் சேஸிஸும் அரித்துப்போகும். பலகை போட்டு மூடினால் அடியில் ஈரம் தங்கி இன்னும் மோசம். சரக்கு இறக்கின அன்றைக்கே தண்ணீர் அடித்துக் கழுவி, தொட்டியில் நீர் வடியத் துளை அடைக்காமல் இருக்கிறதா என்று பார்க்கணும். கழுவின பிறகு நிப்பிள்களில் கிரீஸ் அடிப்பது நல்லது. துருப்பிடித்த இடத்தில் வெல்டிங் வைப்பதாக இருந்தால் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள், ஆல்டர்னேட்டர் தப்பிக்கும்.

சிறுமலையில் இன்றைக்கும் குதிரையில் பொதி ஏற்றுகிறார்கள். வண்டி போகாத சரிவில் இருக்கும் என் மேல் தோட்டத்துக் காயும் குதிரையில்தான் பாதைக்கு வருகிறது. அங்கே வரைக்கும் வண்டிப்பாதை வெட்டலாம் என்று ஜே.சி.பி.க்காரர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். வெட்டினால் முதல் மழையில் மேல் மண் ஓடைக்குப் போகும். குதிரைக்கு வாடகை கொடுக்கிறேன், சாணமும் கிடைக்கிறது.

வண்டியில் இருந்து இறக்கின பழைய ஆயிலை வேலிக் கம்பத்துக்குப் பூசினால் கரையான் வராது என்று சொல்வார்கள். நம் தோட்டத்தில் அது வேண்டாம். மண்ணில் இறங்கும், மழையில் கிணற்றுக்கும் போகும். சான்றளிப்புக்குப் பார்க்க வருகிற குழுவும் கேள்வி கேட்கும். மூடி போட்ட கேனில் சேர்த்து வைத்து, அடுத்த முறை திண்டுக்கல் போகும்போது பழைய ஆயில் எடுக்கிற கடையில் கொடுத்துவிடுகிறேன். வண்டிக்கு அடியில் ஒழுகின இடத்தில் மரத்தூள் போட்டு அள்ளி அதே கேனோடு அனுப்பிவிடலாம். பழுது பார்ப்பதற்கென்று வாசலுக்குப் பக்கத்தில் சிமென்ட் போட்ட இடம் ஒன்று வைத்திருக்கிறேன். தோட்டத்து மண் மேல் வைத்து ஆயில் பிளக்கைக் கழற்ற யாரையும் விடுவதில்லை.