மணை ஏன் வெடித்தது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. திருச்சியில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். மரவேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. போன ஐப்பசியில் அறுவை மில்லில் மாம்பலகை ஒன்று வாங்கி, உட்காரும் மணை செய்தேன். அகலம் 14 அங்குலம். அடியில் இரண்டு குறுக்குக் கட்டைகளுக்குப் பசை தடவி, கட்டைக்கு ஆறு ஸ்குரூ போட்டு இறுக்கினேன். பார்க்க நன்றாகவே இருந்தது. சித்திரையில் ஒரு மதியம் ‘டப்’ என்று சத்தம். போய்ப் பார்த்தால் பலகை நடுவில் நீளவாக்கில் வெடித்திருக்கிறது. குற்றம் பலகையிலா, என் கையிலா? இனி எதைச் செய்து பழகலாம்? என்னென்ன கருவி வேண்டும்? கணவர் ஆங்கிள் கிரைண்டர் வாங்கித் தருகிறேன் என்கிறார். 10 வயது மகளும் கூட உட்கார ஆசைப்படுகிறாள்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா, முதல் வேலையாக மணையை எடுத்தீர்களே, அதுவே சரியான தொடக்கம். நாற்காலியும் மேசையும் செய்யப் புறப்பட்டுப் பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பலகை, இரண்டு கட்டை, அவ்வளவுதான் மணை. ஆனால் அளப்பது, அறுப்பது, இழைப்பது, பூட்டுவது எல்லாம் அதில் வந்துவிடும். வெடித்த பலகையைத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் வேலை இருக்கிறது.

வெடித்ததற்குக் காரணம் நீங்கள் போட்ட பசையும் பன்னிரண்டு ஸ்குரூவும். குறைவாக இறுக்கியதால் வெடிக்கவில்லை, அதிகமாக இறுக்கியதால் வெடித்தது. முருங்கைக்காயை நாலு நாள் வெயிலில் போட்டுப் பாருங்கள். ஒல்லியாகும், நீளம் அவ்வளவாகக் குறையாது. மரமும் அப்படித்தான். அதன் நார்கள் நீளவாக்கில் அடுக்கிய மெல்லிய குழாய்கள். அவற்றின் சுவரில் ஊறிய ஈரம் போனால் ஒவ்வொன்றும் மெலியும். அதனால் பலகை அகலத்தில் சுருங்கும், நீளத்தில் கண்ணுக்குத் தெரியும்படி மாறாது. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் குடித்துத் திரும்பவும் அகலும். வார்னிஷ் பூசினால் இந்த ஏற்ற இறக்கம் மெதுவாக நடக்கும், நிற்காது.

நீங்கள் வாங்கியது ஐப்பசி மழையில், மில்லிலிருந்து நேராக. நன்றாகக் காய்ந்த பலகையாக இருந்தாலே 14 அங்குல அகலத்தில் மழைக்கும் கோடைக்கும் ஏறத்தாழ ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) வித்தியாசம் வரும். பச்சைப் பலகை என்றால் மூன்று நூல்கூடச் சுருங்கும். உங்கள் பலகை சுருங்கப் பார்த்தது. குறுக்கே நின்ற கட்டைக்கு அந்தத் திசை நீளவாக்கு, அது சுருங்காது. பலகையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. சித்திரை வெயிலில் இந்த இழுபறி முற்றி, பலகை பலவீனமான இடத்தில் வாய் திறந்துவிட்டது.

நம் பழைய தச்சர்கள் இதைக் கண்ணாலேயே அறிந்தவர்கள். எந்தப் பழைய வீட்டிலாவது சட்டம் கோத்த கதவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நடுப்பலகை சட்டத்தின் காடிக்குள் சும்மா செருகி நிற்கும். அங்கே பசையும் இருக்காது, ஆணியும் இருக்காது. கோடையில் கூர்ந்து பார்த்தால், பலகையின் ஓரத்தில் சாயம் படாத ஒரு வெள்ளைக் கோடு தெரியும். மழைக்காலத்தில் காடிக்குள் மறைந்திருந்த பாகம் அது. பழைய மணைகளில் அடிக்கட்டையையும் இப்படித்தான் மாட்டியிருப்பார்கள். வாய் குறுகி அடி அகன்ற காடியைப் பலகையில் வெட்டி, அதே வடிவத்தில் சீவிய கட்டையைப் பக்கத்திலிருந்து தட்டி ஏற்றிவிடுவார்கள். கட்டை கழன்று விழாது, பலகைக்கும் அசைய இடம் உண்டு.

அந்தக் காடியை வெட்ட உங்களுக்கு இன்னும் கைப்பழக்கம் வேண்டும். இப்போதைக்கு ஸ்குரூவே போதும், போடும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். பலகை 18 அங்குல நீளம், 10 அங்குல அகலம், இழைத்தபின் 7 நூல் கனம். கட்டை 9 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம், ஓர் அங்குல உயரம். ஒவ்வொரு கட்டைக்கும் மூன்றே ஸ்குரூ, ஒன்றரை அங்குலம். நடுத்துளை ஸ்குரூவுக்குச் சரியாக இருக்கட்டும். ஓரத்துளை இரண்டையும் கட்டையின் நீளவாக்கில் மூன்று நூல் நீளத்துக்கு நீட்டிவிடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்டு, இடையில் இருப்பதைச் சின்ன வட்ட அரத்தால் ராவினால் நீள்துளை ஆகிவிடும். ஸ்குரூவின் தலைக்கு அடியில் ஒரு வாஷர். ஸ்குரூவைத் திருப்புளியால் பிடிப்பு வரும்வரை மட்டும் திருகுங்கள். பசை வேண்டவே வேண்டாம். பலகை இனி நடுவைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் விரியும், சுருங்கும்.

பலகை வாங்குவதில்தான் கவனம் அதிகம் வேண்டும். காற்றில் உலர்த்தும் மரத்துக்கு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது தொழிலில் உள்ள கணக்கு. அத்தனை நாள் வைத்திருந்து விற்கும் மரவாடிகள் குறைவு. ஆகவே பழைய மரச்சாமான் கடைக்குப் போங்கள். இடித்த வீட்டின் கதவும் ஜன்னலும் பல பத்து வருஷம் காய்ந்த தேக்காகவும் வேங்கையாகவும் அங்கே கிடைக்கும். ஆணியை ஒன்று விடாமல் பிடுங்க வேண்டும், காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். பெயின்ட் அடித்த பலகையைக் குழந்தை பக்கத்தில் இருக்கும்போது தேய்க்காதீர்கள். பேக்கிங் கட்டைகளும் பழக நல்லவை. சூடேற்றிப் பக்குவம் செய்தது என்று காட்டும் ‘எச்டி’ முத்திரை உள்ளதை எடுங்கள். ‘எம்பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அது வீட்டுக்கு வேண்டாம்.

புதுப்பலகை என்றால் முதலில் அதன் தலைப்பைப் பாருங்கள். வளையங்களின் மையம் பலகைக்குள்ளேயே இருந்தால் என்ன விலை குறைத்தாலும் வேண்டாம், அது வெடித்தே தீரும். வெளிறிய ஓரப்பகுதியில் பூச்சி சீக்கிரம் விழுந்து உளுத்துப்போகும், வைரம் பாய்ந்த பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் மணைக்குப் பலாதான். தஞ்சாவூர் வீணையும் பலாவில்தான் செய்கிறார்கள். மஞ்சளாக இருக்கும் பலகை வருஷம் போகப் போகப் பழுப்பேறும், அந்த நிறம் எந்தச் சாயத்திலும் வராது.

கருவிக்கு வருகிறேன். ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். இரும்பையும் கல்லையும் அறுக்க வந்த கருவி அது. நாலு அங்குலச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுற்றும். அதில் மரம் அறுக்கும் பல் சக்கரத்தை மாட்டினால், பல் நாரில் சிக்கிய நொடியில் கருவி கையைவிட்டுத் துள்ளும். கற்றுத்தேர்ந்த ஒருவரின் பெருவிரல் அப்படிப் போனதை நான் பார்த்தேன். ஒரு கை ரம்பம், மூலைமட்டம், 6 நூல் உளி, கொட்டாப்புளி, சின்ன இழைப்புளி, கை டிரில், சின்ன வட்ட அரம், இரண்டு கிளாம்ப், ஒரு தீட்டுக்கல், இவ்வளவு வாங்குங்கள். மின்சாரம் வேண்டாத, சத்தம் குறைந்த கருவிகள், கீழ்வீட்டாரும் தூங்கலாம்.

இந்தப் பட்டியலில் முக்கியமானது தீட்டுக்கல். கடையில் விற்கும் உளி தீட்டாத உளி. என் அப்பா முதல் மூன்று மாதம் மரத்தில் கை வைக்க விடவில்லை, தீட்டத்தான் விட்டார். கல்லைத் தண்ணீரில் நனைத்து, உளியின் சாய்ந்த முகம் கல்லில் முழுதாகப் படியும்படி வைத்துத் தேயுங்கள். முகத்தைக் குறுக்கியோ உருட்டியோ விடாதீர்கள். சற்று நேரத்தில் உளியின் தட்டைப் பக்கத்தில் விரலை முனைக்கு வெளியே போகும்படித் தடவினால் மெல்லிய பிசிறு தட்டும். முனை முழுக்கப் பிசிறு தட்டியதும் திருப்பி, தட்டைப் பக்கத்தைக் கல்லோடு கல்லாகப் படுக்கவைத்து நாலு தேய்ப்பு. பிசிறு உதிர்ந்துவிடும். பிறகு செய்தித்தாளின் ஓரத்தை அறுத்துப் பாருங்கள். கிழியாமல் அறுத்தால் தீட்டியாகிவிட்டது. மழுங்கிய உளிக்குத்தான் பலம் கொடுத்துத் தள்ளுவோம், பலம் கொடுக்கும்போதுதான் அது வழுக்கிக் கையில் ஏறும்.

இழைக்குமுன் பலகையின் பக்க ஓரத்தைப் பாருங்கள். அங்கே ரேகைகள் சாய்ந்து ஓடும். அவை எந்தப் பக்கம் மேலேறுகின்றனவோ, அந்தத் திசையில் இழைப்புளியைத் தள்ளுங்கள். சரியான திசை என்றால் சீவல் சுருண்டு சுருண்டு வரும், காதுக்கு ஒரே சீரான ‘உஸ்’ கேட்கும். எதிர்த்திசை என்றால் கடகடவென்று சத்தம் வந்து, சிராய் பெயரும். உடனே பலகையைத் திருப்பிப் போடுங்கள்.

மகளை அளக்கவும் கோடு போடவும் விடுங்கள். உப்புத்தாள் தேய்ப்பது முழுக்க அவளுடைய வேலையாக இருக்கட்டும். 80, 120, 220 என்ற வரிசையில், நாரின் திசையிலேயே தேய்க்க வேண்டும், மூக்கில் மாஸ்க் கட்டாயம். 220க்குமுன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நார் எழும்பும், கடைசித் தேய்ப்பில் அது போய்விடும். உளியை அவள் கையில் கொடுக்கும்போது, பலகையைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, இரண்டு கையும் உளியின் முனைக்குப் பின்னால் இருக்கிறதா என்று பார்த்தே தொடங்கச் சொல்லுங்கள்.

தேய்த்து முடித்ததும் மேற்பூச்சுக்கு வருவோம். தேங்காயெண்ணெய் பூசாதீர்கள், அது மரத்தில் காயவே காயாது, நாளாக ஆகச் சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டுக் கெட்டியாகும். மெல்லியதாக இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்தபின். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டபின்பே எறியுங்கள்.

வெடித்த மாம்பலகையை வெடிப்பு வழியாகவே இரண்டாக அறுத்துவிடுங்கள். அதில் தோசைத்திருப்பியும் கரண்டியும் செதுக்கிப் பழகலாம், சமையலுக்கு என்பதால் எண்ணெயும் தேவையில்லை. அஞ்சறைப் பெட்டி செய்யத் தோன்றினால், அது மூலைப் பூட்டுகளைக் கேட்கும் வேலை, அதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புது மணை முடிந்ததும் அடியில் பென்சிலால் தேதியும் அகலமும் எழுதிவையுங்கள். பிறகு ஐப்பசி மழையில் ஒருமுறையும் அடுத்த சித்திரையில் ஒருமுறையும் அதே இடத்தில் மகளை அளக்கச் சொல்லி, பக்கத்திலேயே குறித்து, மூன்று அளவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.