சவரத் தூரிகைக்கு வீட்டிலேயே புதிய முடிக்கட்டு

சவரத் தூரிகை ஒன்று பழுதாகும்போது அதில் கெடுவது பெரும்பாலும் முடிதான். மரமோ பித்தளையோ கெட்டியான அக்ரிலிக்கோ, எதனால் ஆனதாயினும் கைப்பிடி இன்னும் பல்லாண்டு உழைக்கக்கூடிய நிலையிலேயே இருக்கும். அடியில் பசை ஊற்றி இறுக்கப்பட்டு, கைப்பிடியின் தலையில் குடைந்த குழிக்குள் ஒட்டப்படும் முடிக் கற்றையை முடிக்கட்டு எனலாம். பொதுவாக 20 மி.மீ. முதல் 28 மி.மீ. வரையிலான அடிவிட்டத்தில் இது தனிப் பொருளாகவே இணையக் கடைகளில் கிடைப்பதால், பழையதை அகற்றிப் புதியதைப் பொருத்துவது வீட்டில் செய்யத்தக்க வேலையாகிவிட்டது. ஒட்டுவதே இதில் முக்கிய வேலை என்று தொடங்குபவர்கள் நினைக்கிறார்கள். செய்து பழகியவர்களோ பசைக்குழாயைத் திறப்பதற்கு முன் அளவுகோலோடு நெடுநேரம் செலவிடுகிறார்கள். தூரிகையின் குணத்தைத் தீர்மானிப்பது குழியின் ஆழமே என்பதை அவர்கள் அறிந்திருப்பதுதான் காரணம்.

முடிக்கட்டு ஏன் கெடுகிறது என்பதை முதலில் ஆராய வேண்டும், ஏனெனில் காரணம் நீங்காவிட்டால் புதிய முடிக்கட்டும் அதே வழியில் போகும். செம்பரம்பாக்கம் ஏரி பூந்தமல்லிக்கு அருகிலேயே இருந்து சென்னைக்குக் குடிநீர் தந்தாலும், பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய மேற்குப் புறநகர்களின் பல வீடுகளில் குளியலறைக் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்த இத்தகைய நீரைக் கடின நீர் என்பர். இதில் சோப்பைக் கரைத்தால், சோப்பிலுள்ள கொழுப்பமிலம் சுண்ணாம்புடன் சேர்ந்து நீரில் கரையாத ஒரு பிசுக்காக மாறுகிறது. வாளியின் உட்புறத்தில் படியும் வெண்படலத்திலும் இதுவே கலந்திருக்கிறது. தூரிகையில் இந்தப் பிசுக்கு தங்குமிடம் முடி கைப்பிடியைச் சந்திக்கும் அடிவேர். அலசும் நீர் அங்கே எளிதில் புகுவதில்லை. நாளடைவில் அடிப்பகுதி கெட்டியாகி, முடி வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் ஒடியத் தொடங்குகிறது.

ஆகவே முடி உதிரும் தூரிகைகள் எல்லாவற்றுக்கும் முடிக்கட்டு மாற்ற வேண்டியதில்லை. சமையலறையில் இருக்கும் வினிகரைப் பல மடங்கு தண்ணீர் கலந்து, முடியை மட்டும் பத்து நிமிடம் அதில் ஊறவைத்து, பின் பாத்திரம் துலக்கும் திரவத்தால் கழுவிப் பார்க்க வேண்டும். அமிலம் சுண்ணாம்பைப் பிரித்தெடுக்க, எஞ்சும் கொழுப்பமிலத்தைத் திரவம் கழுவி வெளியேற்றுகிறது. இரண்டாவது படியை விட்டுவிட்டால் பிசுக்கு வேறு வடிவில் அங்கேயே தங்கிவிடும். இதற்குப் பிறகும் முடி கொத்துக்கொத்தாக வந்தாலோ, முடிக்கட்டே குழிக்குள் ஆடினாலோ மாற்றுவதைத் தவிர வழியில்லை.

புதிய முடிக்கட்டுக்கான முடியைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று வகைகள் முன்நிற்கின்றன. பன்றி முடி மலிவானது, நீரை உறிஞ்சிக்கொள்வது, பழகப் பழக நுனி பிளந்து மென்மையாவது. ஆயினும் சமயக் காரணத்தால் இதைத் தொடாத குடும்பங்கள் நம் ஊரில் உண்டு என்பதால், பிறருக்குச் செய்து கொடுப்பவர் கேட்டறிந்த பிறகே இதை வாங்க வேண்டும். பேட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கின் முடி நீரை மிகுதியாகத் தாங்கும், விலையும் மிகுதி. மூன்றாவதான செயற்கை இழையில் இன்று பெரிதும் பயன்படுவது பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்தது. அது நீரை உறிஞ்சாது, விரைவில் உலரும், கடின நீரின் பிசுக்கு இயற்கை முடியில் ஒட்டுமளவுக்கு இதில் ஒட்டுவதில்லை. மேற்குப் புறநகரின் தண்ணீருக்கும் மழைக்கால ஈரத்துக்கும் செயற்கை இழையே ஏற்றது என்பது இக்கட்டுரையின் உறுதியான கருத்து.

பழைய பொருள் சந்தைகளில் கிடைக்கும் கைப்பிடிகளை விரும்பி வாங்குவோர், அவற்றில் எஞ்சியிருக்கும் முடியை என்ன முடி என்று தெரியாமல் பயன்படுத்தக் கூடாது. முதல் உலகப் போரின்போது, கிருமிநீக்கம் செய்யப்படாத குதிரை முடியைப் பேட்ஜர் முடிபோலச் சாயமேற்றிச் செய்த தூரிகைகளால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைவீரர்கள் உள்ளிட்ட பலருக்கு ஆந்த்ராக்ஸ் நோய் தொற்றியது. இதன் தொடர்ச்சியாகவே ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைப் பிரிட்டன் 1920இல் தடை செய்தது. அந்நோயின் வித்துகள் உலர்ந்த நிலையில் பல்லாண்டு உயிரோடிருக்கக்கூடியவை. இன்று அந்த ஆபத்து மிகச் சிறிதே; இருந்தாலும் எப்படியும் தூக்கி எறியப்போகும் முடியைக் கையுறை அணிந்து, நனைத்து, தூசி பறக்காமல் நீக்குவதில் இழப்பு எதுவும் இல்லை.

பழைய முடிக்கட்டை அகற்றும் முறை கைப்பிடியைப் பொறுத்து மாறும். சந்தையில் கிடைக்கும் மலிவான பிளாஸ்டிக் தூரிகைகளில் முடி ஒரு சிறு வளையத்துக்குள் இறுக்கப்பட்டு, அந்த வளையம் கைப்பிடியில் அழுத்திப் பொருத்தப்பட்டிருப்பதால், வெந்நீரில் சிறிது நேரம் வைத்துத் திருகினாலே கழன்று வருவதுண்டு. ஆனால் இத்தகைய கைப்பிடிகள் பல உள்ளே வெற்றிடமாக இருக்கும் என்பதை மறக்கலாகாது. பித்தளைக் கைப்பிடியைச் சூடேற்றலாம், ஏனெனில் எப்பாக்ஸி எனப்படும் இருகலவைப் பசை சூட்டில் இளகும். மரத்தை வெந்நீரில் இடுவது கூடாது, ஊறி வெடிக்கும். பழைய பேக்கலைட் சூட்டில் உருகாதெனினும் நீண்ட நேரம் வெந்நீரில் கிடந்தால் பளபளப்பை இழக்கும். ஐயமிருந்தால், முடியைக் கூரிய கத்தியால் விளிம்போடு சேர்த்து அறுத்துவிட்டு, எஞ்சிய அடிக்கட்டியைத் துளைத்தெடுப்பதே எல்லா வகைக்கும் பொருந்தும் வழி. அந்தக் காலத்துப் பேக்கலைட் வகைகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்ததால், அவற்றைத் துளைக்கும்போது முகக்கவசமும் ஈரத்துணியும் கட்டாயம்.

துளைக்கும் வேலையில்தான் இப்பகுதிவாசிகளுக்கு வேறெங்கும் எளிதில் வாய்க்காத வசதி ஒன்று இருக்கிறது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானதும், அதே காலத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கி, 1965 முதல் விஜயந்தா டாங்கிகளை உருவாக்கியதும், பாடியிலும் அம்பத்தூரிலும் வாகன உதிரிபாக ஆலைகளும் சைக்கிள் ஆலையும் வளர்ந்ததும் சேர்ந்து, மில்லிமீட்டரில் சிந்திக்கும் கைகளைத் தெருதோறும் விட்டுச்சென்றிருக்கின்றன. வீட்டுத் துளைக்கருவியைக் கையில் பிடித்து 24 மி.மீ. குழியை நடுப்பிசகாமல் குடைவது மிகக் கடினம். பிட் சிறிது சறுக்கினாலும் குழி ஒருபுறம் ஒதுங்கி, தூரிகை பார்வைக்கே கோணலாகிவிடும். லேத் பட்டறையிலோ, கைப்பிடியே சுழன்று கருவி அசையாமல் நிற்பதால் நடுவம் தானே அமைந்துவிடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோகும்போது கவனிக்க வேண்டியவை சில உள. இரும்பைப் பிடிக்கும் அழுத்தத்தில் சக் என்னும் பிடிப்பான் மரத்தையோ அக்ரிலிக்கையோ நசுக்கிவிடும் என்பதால் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கைப்பிடியைச் சுற்றிக் கொடுக்க வேண்டும். சாதாரணத் துளைப்பிட் கூம்பான அடியை விடும் என்பதால் போரிங் டூல் கொண்டு தட்டையாக முடிக்கச் சொல்ல வேண்டும். அக்ரிலிக் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் மெதுவாக, இடைவிட்டுக் குடையச் சொல்ல வேண்டும். அளவை வாயால் சொல்லாமல், விட்டமும் ஆழமும் குறித்த படம் ஒன்றைத் தாளில் வரைந்து கொடுப்பது நல்லது. பெரிய ஆர்டர்கள் நடுவே இந்தச் சிறு வேலையைச் செய்து தருபவரின் நேரத்துக்கு உரிய கூலியைக் கேளாமலே கொடுப்பது முறை.

இனி ஆழம். கைப்பிடியின் விளிம்பிலிருந்து முடியின் நுனி வரையுள்ள உயரத்தை மேலுயரம் எனக் கொண்டால், தூரிகை விறைப்பா மென்மையா என்பதை விட்டத்தைவிட இந்த மேலுயரமே பெரிதும் நிர்ணயிக்கிறது. மேலுயரம் விட்டத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருப்பது நடுத்தரமான தொடக்கம். எடுத்துக்காட்டாக, 24 மி.மீ. விட்டமும் அடிக்கட்டி உட்பட 62 மி.மீ. மொத்த உயரமும் உள்ள முடிக்கட்டுக்கு 50 மி.மீ. மேலுயரம் வேண்டுமெனில் குழி 12 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். இதில் இரண்டு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் முகத்தில் தெரியும்: ஆழம் கூடினால் முடி குட்டையாகி முதுகு வளையாமல் தோலைத் தேய்க்கும், குறைந்தால் முடி சரிந்து, கெட்டிச் சோப்பிலிருந்து நுரை எடுக்கும் வலுவை இழக்கும். இதற்கும் மேலாக, முடிக்கட்டின் அடியிலுள்ள பசைக்கட்டி விளிம்புக்குமேல் தெரியும்படி ஒட்டினால், முடி அந்தக் கட்டியின் ஓரத்திலேயே மடங்கி மடங்கி ஒடியும். ஆகையால் கட்டி முழுதும் குழிக்குள் மறைய வேண்டும் என்பது மாற்ற முடியாத கீழெல்லை. அதிக ஆழமாகக் குடைந்துவிட்டால் கவலையில்லை, துருப்பிடிக்காத எஃகு வாஷர்களை அடியில் அடுக்கி உயர்த்திக்கொள்ளலாம். அகலமாகக் குடைந்ததைத் திருத்துவதுதான் அரிது. எனவே பசை இல்லாமல் முடிக்கட்டைக் குழியில் வைத்து, வாஷர்களை மாற்றி மாற்றி, விரும்பும் உயரம் கிடைக்கும்வரை பார்த்துவிட வேண்டும். இந்த வேலையில் பொறுமை பலன் தரும் இடம் இதுவே.

பசையைப் பொறுத்தவரை, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அரால்டைட் போன்ற மெதுவாக இறுகும் எப்பாக்ஸியே தகுதியானது. மர ஒட்டுப் பசை நீரில் இளகும், உடனடிப் பசை ஈரமும் அசைவும் சேர நொறுங்கும். வெற்றிடமான பிளாஸ்டிக் கைப்பிடியை முதலில் எம்-சீல் கொண்டு நிரப்பி இறுகவிட்டுப் பிறகு குடைவது பாதுகாப்பானது. மரக் கைப்பிடியில் குழியின் உட்சுவர் முழுவதும் பசை பூசப்பட்டால் நீர் உட்புகாது. குழி இறுக்கமாக இருந்தால் அடியில் அகப்படும் காற்று, ஒட்டிய முடிக்கட்டை மெல்ல மேலே தள்ளிவிடும். பசையிடும் முன் உட்சுவரில் அடியிலிருந்து விளிம்புவரை கத்தி முனையால் ஒரு கீறல் இட்டால் காற்று வெளியேற வழி கிடைக்கும்.

வானிலையும் இதில் பங்கு பெறுகிறது. மே மாத வெயிலில் பசை நீர்த்து, முடியின் வழியே மேலேறிவிடும், மேலும் சில நிமிடங்களிலேயே கையாள முடியாதபடி இறுகத் தொடங்கும். வெப்பம் பத்துப் பாகை கூடினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொது விதி. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ காற்றின் ஈரம் பசையின் மேற்பரப்பில் பிசுபிசுப்பான படலத்தை உண்டாக்கும். தை, மாசி மாதங்களின் காலை வேளை இவ்வேலைக்கு இதமானது. வேறு காலமெனில் சிறிதளவே கலந்து, வழிந்ததை இறுகுமுன் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைக்கலாம். ஆனால் அக்ரிலிக்கில் துடைப்பதற்கு முன் கண்ணில் படாத அடிப்புறத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும், அசிட்டோனை அதனருகே கொண்டுசெல்லவே கூடாது. ஒட்டிய தூரிகையை நிமிர்த்தி நிறுத்தி, நான்கு திசையிலிருந்தும் பார்த்து நேராக்கி, ஒரு முழு நாள் தொடாமல் விட்டு, மேலும் இரண்டு நாள் கழித்தே நனைக்க வேண்டும்.

முதல் சில சவரங்களில் ஓரிரு முடி உதிர்வது இயல்பு. சவரம் முடிந்தபின் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு, கடைசியாக ஒரு குவளை கேன் தண்ணீரையோ வடிகட்டிய தண்ணீரையோ முடியின் அடிவேர்வரை ஊற்றிப் பிழிந்து உதறினால் பிசுக்கு சேர்வது பெருமளவு குறையும். தலைகீழாகத் தொங்கவிடுவதா நிமிர்த்தி வைப்பதா என்ற விவாதத்துக்குப் பெரிய பொருளில்லை. மூடிய அலமாரிக்குள் வைக்காமல் காற்றோட்டமான சன்னலோரத்தில் வைப்பதே வேண்டியது. வெவ்வேறு முடிவகைகளைச் சோதிக்க எண்ணுபவர், முதல் முடிக்கட்டை எப்பாக்ஸிக்குப் பதிலாகச் சிலிக்கான் பசையால் ஒட்டலாம். பிடிப்பு சற்றுக் குறைவெனினும் அது அன்றாடப் பயன்பாட்டைத் தாங்கும், பின்னர் மெல்லிய கத்தியால் சுற்றி அறுத்தால் குழி சிதையாமல் முடிக்கட்டு வெளியே வந்துவிடும்.