எழுந்து போனவரின் பெயரில்

மல்லசமுத்திரம்

அன்புள்ள கண்ணு,

உன் மெயிலைப் படித்தேன். நீ செய்து கொடுத்த கணக்கு வெப்சைட்டை நம் பக்கத்து நூல் கடைக்காரர்களும் பருத்தி வியாபாரிகளும் தினமும் திறந்து வேலை செய்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை. அவர்களில் ஒருவர் உன்னைப் போனில் கூப்பிட்டு, "டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள வெளிய தள்ளிப்போடுது, அதையத் தூக்கிப்போடு" என்று சத்தம் போட்டதாக எழுதியிருக்கிறாய். "ஆட்டோ லாக்-அவுட்டை எடுத்துடட்டுங்களா மாமா?" என்பது உன் கேள்வி.

எடுக்காதே, கண்ணு. ஆனால் அந்த வியாபாரியின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் நீ யோசிக்க வேண்டும்.

நீ கோயம்புத்தூரில் உனக்கென்று ஒரு லேப்டாப்போடு உட்கார்ந்து கோட் எழுதுகிறாய். நீ எழுந்து போனால் அதை வேறு யாரும் தொடமாட்டார்கள். இங்கே கடைக்கு ஒரு கம்ப்யூட்டர். காலையில் கணக்குப்பிள்ளை அதில் பில் போடுவார். மதியம் முதலாளியின் மகன் அதே நாற்காலியில் உட்கார்ந்து ஈ-வே பில் எடுப்பான். சரக்கு ஏற்ற வந்த லாரி டிரைவர் எதிர் பெஞ்சில் காத்திருப்பார். பருத்தி ஏலம் நடக்கிற நாளென்றால் கேட்கவே வேண்டாம். பி.டி., சுரபி, கொட்டு என்று ரகம் பார்க்க வந்த வெளியூர் வியாபாரிகள் மேசையைச் சுற்றி நிற்பார்கள். எந்த ரகத்துக்கு எவ்வளவு வரை போகலாம் என்று கடைக்காரர் குறித்து வைத்த விலை அந்த நேரத்தில் திரையில் திறந்து கிடந்தால், அன்றைய வியாபாரம் அவர் கையில் இல்லை.

அடுத்தவன் பார்த்துவிடுவான் என்பது பாதிக் கவலைதான். செய்தது யார் என்று பிறகு கேட்கும்போது யார் பெயர் வரும் என்பது மீதிப் பாதி. நான் வங்கியில் கவுன்ட்டரில் தொடங்கி, கடைசி வருடங்களில் கணினிப் பிரிவில் இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். வங்கியில் ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிப்பார். மேக்கர், செக்கர் என்போம். பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி வைத்து இரண்டு பேரிடம் கொடுப்பது போன்ற ஏற்பாடு அது. ஒரு கிளையில், அனுமதிக்க வேண்டிய அதிகாரி லாக்-அவுட் செய்யாமல் சாப்பிடப் போய்விட்டார். வரிசையில் ஆள் நிற்கிறதே என்று பதிவு போட்ட கிளார்க்கே அந்த நாற்காலிக்குப் போய் அனுமதியும் கொடுத்துவிட்டார். எண்ணம் தப்பில்லை. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது, பணம் வேறொருவர் கணக்குக்குப் போயிற்று. பணம் பின்னால் திரும்பி வந்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டர் பதிவில் அனுமதித்தவர் என்று நின்றது சாப்பிடப் போயிருந்த அதிகாரியின் பெயர். விசாரணையில் அவர் எதைக் காட்டி, "நான் செய்யவில்லை" என்று நிரூபிப்பார்? கெட்ட எண்ணம் கொண்ட ஒருவர்கூட இல்லாத இடத்தில் இரண்டு குடும்பங்கள் தூக்கம் கெட்டுத் தவித்தன.

ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்தும் இந்த நிலைமை இனி கூடத்தான் செய்யும். நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. ஆள் மாறி மாறி உட்காரும் நாற்காலியும் நடுவே ஒரு கம்ப்யூட்டரும்தான் நம் கிராமத்து அலுவலகங்களின் நிலைமை. "வேலை முடிந்தால் லாக்-அவுட் செய்யுங்கள்" என்று சுவரில் எழுதி ஒட்டலாம். போன் அடித்தால், வண்டி வந்தால், கரண்ட் போனால் மனிதன் எழுந்துதான் போவான். அவன் மறப்பான் என்று தெரிந்தே செய்வதுதான் நல்ல வேலை.

செஷன், அதாவது ஒருவர் உள்ளே வந்ததிலிருந்து வெளியேறும் வரையான தொடர்பு, எப்படி இயங்குகிறது என்பது உனக்குப் பாடம். ஆனாலும் சொல்கிறேன், நாளை நீ அந்த வியாபாரிக்கு விளக்க வேண்டியிருக்கும். வெப்சைட்டுக்குச் சொந்த ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கிளிக்கும் அதற்குப் புது ஆள் வந்த மாதிரி. அந்தக் குறையைத் தீர்க்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுலி குக்கீயைக் கொண்டுவந்தார். பாஸ்வேர்டு சரியாக இருந்தால் சர்வர் அந்தக் குக்கீயில் ஓர் அடையாளச் சரத்தை வைத்துக் கொடுக்கிறது. அதன் பிறகு அந்தச் சரம் யாரிடம் இருக்கிறதோ அவரே நீ. பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் அது மறுபடி கேட்பதில்லை. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனல் களவு போனது இப்படித்தான். விளம்பர ஒப்பந்தம் என்ற பெயரில் வந்த போலிக் கோப்பை ஓர் ஊழியர் திறந்தார். பிரௌசரிலிருந்த செஷன் சரங்கள் திருடு போயின. பாஸ்வேர்டும் இரட்டைச் சரிபார்ப்பும் சும்மா நின்றன.

இங்கே ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திருடிய சரத்தை உடனே பயன்படுத்தி, இடைவிடாமல் வேலை செய்துகொண்டிருக்கும் திருடனை, சும்மா இருப்பவரை வெளியேற்றும் ஏற்பாடு பிடிக்காது. அதற்குத்தான் இரண்டாவதாக மொத்த நேர எல்லை ஒன்று வேண்டும். வேலை செய்துகொண்டே இருந்தாலும் இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக உள்ளே வா என்பது அது. அப்படி ஓர் எல்லைக்கு உதாரணம் சொல்கிறேன். 2025 நவம்பர் 28-இல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை வாட்ஸ்ஆப், டெலிகிராம், சிக்னல் போன்ற செயலிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. கம்ப்யூட்டரில் திறக்கும் வெப் பதிப்பு ஆறு மணி நேரத்துக்குள் தானாக வெளியேற வேண்டும், மறுபடி க்யூ.ஆர். கோடைக் காட்டித்தான் இணைய வேண்டும் என்றது. சிம் இல்லாமலே இந்திய எண்களை வைத்து வெளிநாட்டிலிருந்து மோசடி செய்வதைத் தடுப்பது நோக்கம். நாள் முழுக்க வாட்ஸ்ஆப் வெப்பில் ஆர்டர் எடுக்கும் சிறு வியாபாரிக்கு இது தொந்தரவுதான். அதனால்தான் சொல்கிறேன்: எல்லையைப் போடுவது ஒரு வேலை, அதனால் வரும் தொந்தரவைக் குறைப்பது இன்னொரு வேலை. இரண்டும் வெப்சைட் செய்கிறவர் தலையில்தான்.

நமக்குப் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. உன்மேல் கோபப்பட்ட அந்த வியாபாரியும் அவருடைய ஆடிட்டரும் தினம் திறக்கும் ஜி.எஸ்.டி. போர்ட்டல், 15 நிமிடம் சும்மா இருந்தால் வெளியேற்றிவிடும். ஆனால் புதிதாகப் பதிவு செய்கிறவர் ஒவ்வொரு பக்கத்தையும் சேமித்துக்கொண்டே போகலாம். தற்காலிக எண் கிடைத்த பிறகு விண்ணப்பத்தை முடிக்க 15 நாள் அவகாசம். கதவு 15 நிமிடத்தில் சாத்திக்கொள்கிறது, செய்த வேலை 15 நாள் பத்திரமாக இருக்கிறது. உன் வெப்சைட்டில் முதல் பாதி மட்டும் இருக்கிறது, இரண்டாம் பாதி இல்லை. அவர் நாற்பது வரி பில்லை அடித்துவிட்டு டீக்குப் போய்த் திரும்பி வந்தால் நாற்பது வரியும் காணோம். அவருடைய கோபம் லாக்-அவுட் மேல் இல்லை, தொலைந்த வேலை மேல். முதலில் அதைச் சரிசெய். அடிக்க அடிக்க வரைவு சர்வரில் சேமிக்கப்படட்டும். மறுபடி உள்ளே வந்ததும் விட்ட வரியிலேயே அவர் போய் நிற்கட்டும். வரைவைப் பிரௌசரில் வைக்காதே, அடுத்து உட்காருகிறவர் அதைப் பார்த்துவிடுவார்.

இரண்டாவது, நேரத்தைக் கணக்கிடுவது சர்வராக இருக்க வேண்டும். திரையில் மட்டும் லாக்-இன் பக்கத்தைக் காட்டிவிட்டு, உள்ளே சரத்தை உயிரோடு விட்டுவைக்கும் வெப்சைட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அது பூட்டாத கதவுக்குத் திரை போடுவதுதான். நேரம் முடிந்தால் சர்வரில் அந்தச் செஷன் செத்துப்போக வேண்டும். பிரௌசரின் பேக் பட்டனை அழுத்தினால் பழைய பக்கம் தெரியவும் கூடாது.

மூன்றாவது, பலர் தவறும் இடம். உன் முகப்புப் பக்கம் விலைப்பட்டியலை நொடிக்கணக்கில் தானாகப் புதுப்பிக்கிறது. அந்தக் கோரிக்கை ஒவ்வொன்றையும் சர்வர் 'ஆள் வேலை செய்கிறார்' என்று எடுத்துக்கொண்டால், கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் செஷன் விடிய விடிய ஓடும். மனிதர் விசையைத் தொட்டதையும் எந்திரம் தானாகக் கேட்டதையும் பிரித்து எண்ணு.

நான்காவது, எத்தனை நிமிடம் என்பது. வெப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் வழிகாட்டுதல், ஆபத்து அதிகமான இடங்களுக்கு 2 முதல் 5 நிமிடம், குறைவான இடங்களுக்கு 15 முதல் 30 நிமிடம் என்கிறது. கார்டு விவரங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கான பி.சி.ஐ. விதி, 15 நிமிடத்துக்கு மேல் சும்மா இருந்தால் மறுபடி அடையாளம் கேள் என்கிறது. உன் வெப்சைட் முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டியதில்லை. பழைய பில்லைப் பார்க்கிறவரை 15 நிமிடம் விடு. பணம் பெறும் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றுகிறவரிடம், செஷன் உயிரோடு இருந்தாலும், பாஸ்வேர்டை அந்த இடத்தில் மறுபடி கேள். எல்லாவற்றுக்கும் 2 நிமிடம் என்று இறுக்கினால் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் சீட்டாக ஒட்டப்படும். அப்போது நீ வைத்த எல்லையால் யாருக்கும் பயனில்லை.

ஐந்தாவது, சொல்லிவிட்டு வெளியேற்று. நேரம் முடியப்போகிறது என்று காட்டி, ஒரு பட்டனை அழுத்தி நீட்டிக்கக் குறைந்தது 20 நொடியாவது கொடுக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளை மனதில் வைத்து எழுதப்பட்ட டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறை சொல்கிறது. ஒரு விரலால் தேடித் தேடித் தட்டும் நம் கணக்குப்பிள்ளைக்கு 20 நொடி போதாது. ஒரு நிமிடம் கொடு. தமிழில் எழுது.

சட்டத்தையும் மறக்காதே. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. நம் ஊர்க் கடைக்கு அவ்வளவு பெரிய தொகை வராமல் போகலாம். ஆனால் நெசவாளியின் ஆதார் எண்ணும் விவசாயியின் வங்கிக் கணக்கும் அந்தக் கடையின் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. அவர்கள் உன்னைப் பார்த்ததில்லை, லாக்-அவுட் என்று கேட்டதுமில்லை. அவர்களுக்காக யோசிக்க வேண்டியவள் நீ.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்த வியாபாரியின் கடையில் ஒரு மணி நேரம் உட்கார். யார் வருகிறார்கள், யார் எழுகிறார்கள், நாற்காலி எத்தனை கை மாறுகிறது என்று பார். அதைப் பார்த்த பிறகு நிமிடக் கணக்கை முடிவு செய். வரைவைச் சேமித்துக் கொடு, முன்கூட்டி எச்சரி, நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள். லாக்-அவுட்டை மட்டும் எடுத்துவிடாதே.

அன்புடன்,
மாமா