ஜெபல் அலியில் ஒரு கவிஞர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் கேட்ட கேள்விகளுக்கு அங்கேயே பதில் போட்டிருக்கலாம். கட்டைவிரலால் இவ்வளவு நீளம் தட்ட எனக்குப் பொறுமை கிடையாது, அதனால்தான் கடிதம். பொறியியலில் சேர்ந்தால் கவிதை போய்விடுமா என்பது உன் முதல் கேள்வி. மூலமொழி தெரியாமல் ஆங்கிலம் வழியாகக் கவிதையை மொழிபெயர்ப்பது ஏமாற்று வேலையா என்பது இரண்டாவது. உபதேசம் எதுவும் செய்யப் போவதில்லை. நீ வளர்ந்த துபாயிலேயே வேலை பார்த்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் ஷிஹாப் கானெம். அமீரகக் கவிஞர், மொழிபெயர்ப்பாளர், பொறியாளர்.

அவர் பிறந்தது ஏடனில், 1940இல். ஏடன் என்றதும் உனக்கு யேமன், சண்டை, செங்கடலில் கப்பல் போக முடியாத செய்திகள்தான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் அது நம் ஊர்க்காரர்களுக்குப் பக்கத்து வீடு மாதிரி. 1839இல் பிரிட்டிஷார் அதைப் பிடித்த நாளிலிருந்து 1937 ஏப்ரல் வரை இந்தியாவோடு சேர்த்தே ஆண்டார்கள். நெடுங்காலம் உத்தரவுகள் பம்பாயிலிருந்துதான் போகும். கடைத்தெருவில் புழங்கியது ரூபாய். திருபாய் அம்பானி இளைஞனாகப் போய் வேலைக்குச் சேர்ந்தது அங்கேதான். அதற்கெல்லாம் முன்னால், 1880இல், பிரெஞ்சுக் கவிஞர் ரிம்போ கவிதையை முழுசாகக் கைகழுவிவிட்டு ஒரு காப்பி வியாபாரக் கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர்ந்ததும் அதே ஊரில்தான். வேலை போதும், கவிதை வேண்டாம் என்று ஒரு மகாகவி வந்திறங்கிய துறைமுகம். இரண்டில் எதையும் கைவிடாத ஒருவர் பிறந்ததும் அந்தத் துறைமுகத்தில்தான்.

கானெமின் அப்பா முகம்மது அப்துஹு கானெம் பேர்பெற்ற கவிஞர், கல்வியாளர். 1930களிலேயே பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். தாய்வழித் தாத்தா முகம்மது அலி லுக்மான் வழக்கறிஞர். 1940இல் ஏடனில் ‘ஃபதாத் அல் ஜஸீரா’ என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். பையன் கவிதை எழுதுகிறானே என்று யாரும் தலையில் கை வைத்துக்கொள்ளாத வீடு. ஆனாலும் அவர் படித்தது பொறியியல். ஸ்காட்லாந்தில் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் இரண்டிலும் பட்டம் வாங்கினார். பிறகு நம் ரூர்க்கியில் நீர்வளப் பொறியியலில் முதுகலை. அதற்கும் பிறகு கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம். ஆய்வுப் பொருள் அமீரகத்தின் தொழில்மயமாக்கம். மச்சானிடம், அதான் உன் அப்பாவிடம், இந்தப் பட்டியலை மட்டும் படித்துக் காட்டு. கவிதை எழுதினால் படிப்பு கெடும் என்ற பேச்சை அத்தோடு நிறுத்திவிடுவார்.

1967இல் பிரிட்டிஷார் ஏடனை விட்டுப் போனார்கள். அடுத்து வந்த வருடங்களில் அங்கே படித்தவர்கள் பலர் வெளியேற வேண்டி வந்தது. கானெமும் 1970களில் வளைகுடாவுக்கு வந்து சேர்ந்து, பின்னால் ஜெபல் அலி துறைமுகத்தில் பொறியியல் பிரிவின் தலைமைப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தார். 1979இல் எலிசபெத் ராணி வந்து திறந்து வைத்த துறைமுகம்; 1985இல் அதை ஒட்டி வரியில்லா வணிக மண்டலம் வந்தது. உன் மாமாவான நான் கிடங்கில் கணக்குப் பார்ப்பதும் அந்த மண்டலத்தில்தான். துறைமுகப் பொறியாளர் வேலை லேசானது என்று நினைக்காதே. கடலடியில் மண் சேர்ந்துகொண்டே இருக்கும், தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். உப்புக் காற்றில் எந்த இரும்பும் நிற்காது. ஆகஸ்டில் கிரேனின் கைப்பிடியைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. இதற்கு நடுவில்தான் அரபியில் மரபு யாப்பிலும் புதுக்கவிதையிலும் தொகுப்பு தொகுப்பாக எழுதினார், ஆங்கிலத்திலும் எழுதினார். மொழிபெயர்ப்பையும் சேர்த்தால் 50க்கும் மேற்பட்ட நூல்கள். நேரம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்காதே. நாம் தினம் ஃபோனில் தொலைக்கும் நேரம்தான், வேறென்ன.

ஆக, முதல் கேள்வி முடிந்தது. இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது.

கானெமுக்கு மலையாளம் தெரியாது. ஆனால் மலையாளக் கவிதையை அரபு வாசகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அவருடையது. கே. சச்சிதானந்தனின் கவிதைகளை அரபியில் தந்தார். மாயகோவ்ஸ்கி எப்படித் தற்கொலை செய்துகொண்டான் என்ற கவிதையின் பெயரைத் தாங்கிய அந்தத் தொகுப்பை 2009இல் அபுதாபியின் ‘கலிமா’ வெளியிட்டது. அரபியில் மொழிபெயர்ப்பு நூல்கள் போதவில்லை என்ற ஆதங்கத்தில் 2007இல் தொடங்கிய அமைப்பு அது. ஆண்டுக்கு 100 நூல் என்பது அதன் இலக்கு. அங்கிருந்தே கமலா சுரையாவின் கவிதைகளும் கானெமின் மொழிபெயர்ப்பில் வந்தன. ‘என் கதை’ எழுதிய கமலா தாஸ்தான்; 1999இல் இஸ்லாத்தைத் தழுவிப் பெயரை மாற்றிக்கொண்டவர், 2009 மே மாதம் மறைந்தார். இந்த நூல்கள் எல்லாம் ஆங்கிலத்திலிருந்து அரபிக்குப் போனவை.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? எங்கள் துறைமுகக் கணக்கில் சொன்னால் இது ட்ரான்ஷிப்மென்ட். தூத்துக்குடியில் ஏற்றிய கண்டெய்னர் பெரும்பாலும் நேராக ஐரோப்பாவுக்குப் போவதில்லை. நடுவில் ஒரு துறைமுகத்தில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றுவார்கள். அதற்காகச் சரக்கைத் திருட்டுச் சரக்கு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை கிரேன் தூக்கும்போதும் அடிபட வாய்ப்பு உண்டு. அதனால்தான் நடுவில் இறக்கும் இடத்தில் சீல் எண்ணைச் சரிபார்க்கிறார்கள்.

கவிதையில் அந்த நடுத்துறை ஆங்கிலப் பிரதி. அதைச் செய்தது யார் என்று பார்ப்பதுதான் உன் முதல் வேலை. சச்சிதானந்தன் தன் கவிதைகளைத் தானே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பவர். கமலா தாஸோ நேராக ஆங்கிலத்திலேயே கவிதை எழுதியவர், அங்கே நடுத்துறையே இல்லை. அதாவது கானெம் கையில் எடுத்த ஆங்கிலம் வேற்றாளுடையது இல்லை, கவிஞருடையதேதான். கானெம் தேர்ந்தெடுத்ததில் இருக்கும் சாமர்த்தியத்தைக் கவனி. யாரோ பெயர் தெரியாதவர் அவசரத்தில் செய்த ஆங்கிலப் பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நீ எவ்வளவு கெட்டிக்காரியானாலும் உடைந்த சரக்கைத்தான் இறக்குவாய்.

இப்படி நடுமொழி வழியாகப் போவதும் புதிதல்ல. நம் பஞ்சதந்திரக் கதைகள் அரபியில் ‘கலீலா வ திம்னா’ ஆனது எட்டாம் நூற்றாண்டில், இப்னுல் முகஃபா கையால். அவர் பார்த்தது சமஸ்கிருத மூலத்தை அல்ல, பஹ்லவி மொழிபெயர்ப்பை. இன்று அது அரபு உரைநடையின் தலையாய நூல்களில் ஒன்று. கவிதையை மொழிமாற்றவே முடியாது, மாற்றினால் அழகு உதிர்ந்துவிடும் என்று பஸ்ராவின் அல் ஜாஹிஸ் ஒன்பதாம் நூற்றாண்டில் அடித்துச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை சாட்சி. உமர் கய்யாமைப் பாரசீகத்திலிருந்தா தமிழுக்குக் கொண்டுவந்தார்? பிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்திலிருந்து. எத்தனை தமிழர்கள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள், உன் பாட்டி உட்பட! எம். ஏ. நுஃமான் 1981இல் பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழில் தந்ததும் ஆங்கிலம் வழியாகத்தான். அந்தத் தொகுப்பு இல்லாவிட்டால் மஹ்மூத் தர்வீஷ் நமக்கு இவ்வளவு சீக்கிரம் அறிமுகமாகியிருக்க மாட்டார்.

உஸ்பெக் கவிஞர் சோல்பானையும் இங்கே சொல்ல வேண்டும். அந்திஜானில் பிறந்தவர். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை ரஷ்ய மொழி வழியாக உஸ்பெக்கில் தந்தார். தாகூரைப் பற்றி ஆசையாசையாகக் கட்டுரை எழுதினார். ஸ்டாலின் ஆட்சியில் 1938 அக்டோபர் 4ஆம் தேதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மொழிபெயர்ப்பாளர் என்றால் ஓரமாக உட்கார்ந்து அகராதி புரட்டுகிற ஆள் என்று யாராவது சொன்னால் இவரை நினைத்துக்கொள்.

கானெமுக்கு அந்த ஆபத்து வரவில்லை. அவரைத் தேடி வந்ததும் தாகூர் பெயரிலான கௌரவம்தான். கொல்கத்தா ஆசியவியல் கழகம் வழங்கும் 2012ஆம் ஆண்டின் தாகூர் அமைதிப் பரிசைப் பெற்ற முதல் அரபுக்காரர் அவர். அந்தக் கழகத்தை 1784இல் நிறுவிய வில்லியம் ஜோன்ஸ் இந்தியாவில் கால் வைப்பதற்கு முன்பே ‘முஅல்லகாத்’ என்னும் ஏழு அரபுக் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பின்னால் சாகுந்தலத்தையும் பெயர்த்தார். பொருத்தமான கையிலிருந்துதான் பரிசு வந்திருக்கிறது.

இனி, சரக்கு எங்கே அடிபடும் என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். கேரளத்துக் கவிதை ஒன்றில் மழை பெய்கிறது என்று வை. அங்கே அது மாதக்கணக்கில் நிற்காத ஜூன் மழை. துணி காயாது, சுவரில் பாசி பிடிக்கும், மனசிலும் பிடிக்கும். அரபு வாசகருக்கு மழை என்றால் கையேந்திக் கேட்டு வாங்குகிற வரம்; இங்கே மழை வேண்டிப் பள்ளிவாசல்களில் தனித் தொழுகையே நடக்கிறது. சலிப்பாக எழுதப்பட்ட மழை, அரபியில் போய் இறங்கும்போது கொண்டாட்டமாகிவிடும். அடிக்குறிப்பு போட்டால் கவிதை பாடப்புத்தகமாகிவிடும். முன்னும் பின்னும் உள்ள வரிகளில் அந்த ஈரத்தையும் புழுக்கத்தையும் கொஞ்சம் தூக்கலாக வைப்பதுதான் வழி என்பது என் கட்சி. 2024 ஏப்ரல் 16ஆம் தேதி மழைக்குப் பிறகு இந்த ஊர்க்காரர்களுக்கும் அது லேசாகப் புரிந்திருக்கும். உங்கள் கட்டடத்தின் பார்க்கிங்கில் கார் மிதந்ததை நீயே வீடியோ எடுத்து அனுப்பினாயே!

இப்போது நம் கதைக்கு வருகிறேன். மலையாளக் கவிதைக்கு ஒரு கானெம் எப்படிக் கிடைத்தார்? வானத்திலிருந்து குதிக்கவில்லை. துபாயில் இருந்த மலையாளிகள் அவரைத் தேடிப் போனார்கள், தங்கள் மேடைக்கு அழைத்தார்கள், அவர் கவிதைகளை மலையாளத்தில் மொழிபெயர்த்தார்கள். கொடுத்தார்கள், வாங்கினார்கள். நவம்பரில் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்குப் போனால் உனக்கே தெரியும். 7ஆம் எண் கூடத்தில் மலையாளக் கடைகளுக்கு நடுவே நடக்க இடம் இருக்காது. தமிழ்க் கடைகளும் உண்டு, தேடினால் கிடைக்கும். தமிழர்களுக்கு இங்கே ஆள்பலம் குறைவு என்பது சாக்கு. அரை நூற்றாண்டாக இங்கே இருக்கிறோம். பட்டிமன்றம் வைக்கிறோம், நட்சத்திர இரவு வைக்கிறோம். அரபுக் கவிஞர் ஒருவரை அழைத்து உட்காரவைத்து, எங்கள் கவிதையைக் கேளுங்கள் என்று சொன்னது எத்தனை தடவை?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் முகம்மது யூசுஃப் கோகன் திருக்குறளை அரபியில் தந்தார். பின்னால் அதே பல்கலைக்கழகத்தின் ஜாகிர் உசேனும் தந்தார். நல்ல காரியம். ஆனால் எதற்கெடுத்தாலும் குறளை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறோம். இந்தக் காலத்துத் தமிழன் எப்படி யோசிக்கிறான் என்று அரபு வாசகருக்கு யார் சொல்வது?

இத்தனைக்கும் அரபியும் தமிழும் நேற்றுப் பழகியவை அல்ல. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் அரபு எழுத்திலேயே தமிழ் எழுதினார்கள். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட வேண்டியபோது அரபு மூலங்களின் செய்தியை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆலிம்கள் இருந்தார்கள் என்பார்கள். கீழக்கரை ஆலிம் சதக்கத்துல்லா அப்பாவின் பெயரும் பரங்கிப்பேட்டை என்ற ஊரும் அந்தக் கதையில் வரும். ஒருவருக்கு அரபு, ஒருவருக்குத் தமிழ்ச் செய்யுள். இருவரும் சேர்ந்ததில் ஒரு காப்பியம். மொழிபெயர்ப்பு ஒற்றை ஆள் வேலை என்ற எண்ணத்தை முதலில் விடு. கரைக்கு ஒருவராக இரண்டு பேர் வேண்டும், அவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மலையாளிகளுக்கு நடந்தது அதுதான்.

உன்னிடம் என் தலைமுறைக்கு இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. இந்த நாட்டுச் சட்டப்படி பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வரை நீ அரபி படித்தாய். மதிப்பெண்ணுக்காகப் படித்து, பத்தாம் வகுப்பில் புத்தகத்தைப் பரணில் போட்டிருப்பாய். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். எழுத்துக்கூட்டவும் அகராதி பார்க்கவும் வினைச்சொல்லின் வேரைப் பிடிக்கவும் உனக்குத் தெரியும். கானெமுக்கு மலையாளத்தில் அந்த அளவுகூட இல்லை. புத்தகத்தைக் கீழே இறக்கு. உன் வகுப்பில் அரபு மாணவி ஒருத்தியாவது கவிதை படிப்பவளாக இருப்பாள், அவளைக் கண்டுபிடி. இன்றைக்கு எழுதும் தமிழ்க் கவிஞர் ஒருவரின் சின்னக் கவிதை ஒன்றை எடுத்துக்கொள். அனுமதி கேட்டு அவருக்கு ஒரு மின்னஞ்சல் போடு, கட்டாயம் பதில் வரும். நீ வரிக்கு வரி அர்த்தம் சொல், அவள் அரபியில் சொல்லட்டும். சரியில்லை என்று நீ மறு, அவள் சண்டை போடட்டும். பதிலுக்கு அவள் தரும் அரபுக் கவிதையை நீ தமிழாக்கு. பொறியியல் கல்லூரி விண்ணப்பத்தையும் மறக்காமல் போட்டுவிடு.

நவம்பரில் ஷார்ஜா கண்காட்சிக்குச் சேர்ந்தே போவோம். அதற்குள் ஒரு கவிதையாவது இரண்டு மொழியிலும் தயாராக இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா