தொட்டியில் அயிரை மிதக்கிறதா? மருந்துக்கு முன் நீரைப் பாருங்கள்

சிமெண்டுத் தொட்டிகளில் வண்ண மீன் வளர்ப்பது சிறு விவசாயிகளுக்கு ஏற்ற துணைத் தொழிலாகும். கண்ணாடித் தொட்டிகளுக்காக அயிரை இன மீன்களும் விற்பனையாகின்றன. குழம்புக்குப் பெயர் பெற்ற நம் நாட்டு அயிரை, கங்கை, பிரம்மபுத்திரா ஆற்றுப் பகுதிகளின் போடியா வகைகள், சுமத்திரா, போர்னியோ தீவுகளின் கோமாளி அயிரை ஆகியவை இக்கூட்டத்தைச் சேர்ந்தவை.

அடியில் வாழவேண்டிய இம்மீன் திடீரென வயிறு மேலாகவோ, ஒரு பக்கம் சாய்ந்தோ மிதந்தால் சிலர் உடனே மருந்தைக் கரைத்து ஊற்றுகின்றனர். சிலர் மீனையே எறிந்துவிடுகின்றனர். இரண்டும் நஷ்டமே. முதலில் பார்க்கவேண்டியவை நீரும் தீனியும்.

நீச்சல் பை

மீனின் உடலுக்குள் காற்று நிரம்பிய பை ஒன்று உண்டு. மீன் நீரில் மூழ்காமலும் மிதக்காமலும் நிற்க இது உதவுகிறது. கெண்டை மீனுக்கு இப்பை பெரியது. அயிரைக்கோ அதன் முன்பகுதி எலும்புக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும்; பின்பகுதி மிகவும் சிறுத்திருக்கும். ஆகவேதான் அயிரை மணலோடு ஒட்டி வாழ்கிறது. போடியா, கோமாளி வகைகளில் பின்பகுதி கூட்டுக்கு வெளியே ஓரளவு பெரிதாக இருப்பதால், அவற்றில் மிதப்புக் கோளாறு எளிதில் தெரியும்.

எது நோயல்ல?

அயிரை அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கி, குடல் வழியாகவும் சுவாசிக்கும். இது இயல்பு. ஆனால் அடிக்கடி மேலே வந்தால் நீரில் பிராணவாயு குறைந்துள்ளது என்று அறியவேண்டும். கோமாளி அயிரை அடியில் பக்கவாட்டில் படுத்து ஓய்வெடுக்கும். தொட்டால் விரைந்து ஓடும். இதையும் நோய் என்று எண்ணக்கூடாது. கீழே இறங்க முயன்றும் முடியாமல் மேலே வரும் மீனே கோளாறு உள்ள மீன்.

வயிறு உப்பி மிதந்தால்

மிதக்கும் தீனியை மேல்மட்டத்தில் தின்னும்போது மீன் காற்றையும் சேர்த்து விழுங்குகிறது. உலர்ந்த தீனி வயிற்றில் ஊறிப் பெருப்பதும் உண்டு. இத்தகைய மீன்களைத் தனித் தொட்டியில் விட்டு, 2 அல்லது 3 நாட்கள் தீனியை நிறுத்தவேண்டும். நீர் மட்டத்தை அரை அடியாகக் குறைத்தால் மீன் அலைந்து களைக்காது. பின்னர் 10 நிமிடம் ஊறவைத்த, அடியில் இறங்கும் தீனியைச் சிறிதளவு கொடுக்கலாம். அயிரை மாலையிலும் இரவிலும் இரை தேடுவது. ஆகவே பொழுது சாய்ந்தபின் தீனி இடுவது நல்லது. மார்கழி, தை மாதக் குளிரில் செரிமானம் மந்தமாகும். அப்போது தீனியைக் குறைத்து, இரவில் தொட்டியை மூடிவைக்கவேண்டும்.

துடுப்பில் குமிழி தெரிந்தால்

துடுப்பு, கண், தோல் ஆகிய இடங்களில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் தெரிந்தால் அது நீரின் குற்றம். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் நைட்ரஜன் வாயு மிகுதியாகவும் பிராணவாயு குறைவாகவும் இருப்பதுண்டு. பம்புசெட்டின் உறிஞ்சும் குழாயில் கசிவு இருந்தாலும் காற்று உள்ளே புகுந்து, அழுத்தத்தில் நீரில் கரைந்துவிடும். அந்த வாயு மீனின் இரத்தத்தில் குமிழியாகப் பிரிந்து, மீனை மிதக்கவைத்துக் கொல்லவும் கூடும்.

இதை அறிய எளிய வழி உண்டு. புதிதாக இறைத்த நீரில் கையை விட்டுச் சற்று நேரம் வைத்திருங்கள். கை மயிரில் குமிழிகள் ஒட்டினால் அந்நீரை நேராகத் தொட்டியில் விடக்கூடாது. துளையிட்ட தகரத் தட்டு வழியாக 3 அல்லது 4 அடி உயரத்திலிருந்து சொட்டவிட்டு, ஒரு நாள் ஏரேட்டர் ஓட்டியபின் பயன்படுத்தவேண்டும். பாதிக்கப்பட்ட மீன்களை இவ்வாறு பக்குவப்படுத்திய நீருக்கு மாற்றவேண்டும். இங்கு நீர் மட்டத்தைக் குறைக்கக்கூடாது. ஆழமான நீரின் அழுத்தம் குமிழி உண்டாவதைக் குறைக்கும்.

உடல் சிவந்தோ வீங்கியோ இருந்தால்

காயம் அல்லது நுண்ணுயிர்த் தாக்குதல் காரணமாகலாம். மீனைப் பிரித்து வைத்து, தினமும் கால் பங்கு நீரை மாற்றுங்கள். லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு இடலாம். குணமில்லையெனில் மீன்வளத் துறையினரின் ஆலோசனை பெற்றே மருந்திடுங்கள். அயிரையின் செதில்கள் மிக நுண்ணியவை. மருந்தின் அளவு மிஞ்சினால் மருந்தே மீனைக் கொல்லும். ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது அறவே கூடாது. உணவுக்கு விற்கும் அயிரைக்கு மாலகைட் பச்சை, குளோரம்பெனிகால் போன்றவற்றை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக்கூடாது.

ஒரே ஒரு மீன் மிதந்தால் அந்த மீனைக் கவனியுங்கள். ஒரே நாளில் பல மீன்கள் மிதந்தால் மீனை விட்டு, நீர் வரும் குழாயைப் பாருங்கள். புதிய நீர் விட்ட நாள், தீனி மாற்றிய நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வந்தால் காரணம் விரைவில் புலப்படும். மருந்துச் செலவும் மிச்சமாகும்.