ஓடுபாதையில் விழும் மழை

சிங்கப்பூர் போய்வரும் நம் ஊர்க்காரர்கள் சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் கட்டடத்து அருவியைப் படமெடுக்காமல் திரும்புவதில்லை. கண்ணாடிக் கூரையிலிருந்து 40 மீட்டர் கீழே கொட்டும் தண்ணீர். வாட்ஸ்அப்பில் படம் வந்ததும் ஒரு பெரியப்பாவாவது கேட்பார்: “இவ்வளவு தண்ணியையுமா வீணாக்குறான்?”

வீணாக்கவில்லை பெரியப்பா. அது பிடித்துவைத்த மழைநீர். கீழே விழுந்ததே மறுபடி மேலே ஏறுகிறது. விமான நிலையத் தண்ணீரைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருப்பவற்றில் இது சின்னது. பெரியவை வேறு.

நம்பிக்கை: தண்ணீர் முழுக்கக் கழிவறையில்தான் செலவாகிறது, தானியங்கிக் குழாய் வைத்தால் போதும்.

கை நீட்டினால் கொட்டி, எடுத்தால் நிற்கும் குழாயைக் குறை சொல்லவில்லை. ஆனால் நம்மைப் போன்ற வெயில் நாட்டில் தண்ணீரை அள்ளிக் குடிப்பது ஏசி. பெரிய முனையங்களில் கூரைமேலோ பின்புறத்திலோ கூலிங் டவர்கள் நிற்கும். கட்டடத்தின் சூட்டைத் தண்ணீரை ஆவியாக்கித்தான் அவை வெளியே தள்ளுகின்றன. கணக்கு எளிது: ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 6.5 லிட்டர் ஆவியாகும். 1,000 டன் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். பெரிய முனையத்துக்குச் சில ஆயிரம் டன் வேண்டும்.

அதனால்தான் முதல் கேள்வி, கூலிங் டவருக்கு எந்தத் தண்ணீர் போகிறது என்பது. சுத்திகரித்த கழிவுநீர் அதற்குத் தாராளமாகப் போதும். ஹாங்காங் விமான நிலையம் இன்னொரு வழியைக் கண்டது. கடல் பக்கத்திலேயே இருப்பதால் குளிரூட்டவும் கழிவறைக்கும் கடல்நீர். நல்ல தண்ணீர் தேவைப்படும் இடத்துக்கு மட்டும் நல்ல தண்ணீர். கைகழுவிய நீர் சுத்தமாகிச் செடிகளுக்கு.

ஏசி தண்ணீரைக் குடிக்க மட்டும் செய்வதில்லை, கொஞ்சம் தரவும் செய்கிறது. வீட்டு ஏசியின் குழாய்க்குக் கீழே பக்கெட் வைத்து, நிரம்பியதும் துளசிக்கு ஊற்றுகிறோமே, அதேதான். சென்னைப் புழுக்கத்தில் ஒரு முனையத்தின் ஏசிகள் சொட்டும் நீரைக் குழாய் போட்டுச் சேர்த்தால் கூலிங் டவருக்கே திருப்பிவிடலாம். உப்பில்லாத நீர் என்பதால் அதற்கு உகந்ததும்கூட.

நம்பிக்கை: பறக்கும்போது விமானக் கழிவறை கீழே திறந்துவிடப்படும்.

இல்லை. தொட்டியில் சேர்ந்து, இறங்கியபின் வண்டி வந்து உறிஞ்சி எடுக்கும். ரயிலைப் பார்த்து வந்த எண்ணம் இது.

நம்பிக்கை: இவ்வளவு காலி நிலம் இருக்கிறதே, ஒரு ஏரி வெட்டினால் மழைநீர் சேமிப்பு முடிந்தது.

நிலம் இருப்பது உண்மை. சென்னையின் முதன்மை ஓடுபாதை மட்டும் 3,658 மீட்டர் நீளம். அகலம் 45 மீட்டர் என்று கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 16 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 137 லாரி. சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். மீதியை நீங்களே பெருக்கிப் பாருங்கள். நிறுத்துமிடங்களையும் கூரைகளையும் இதில் சேர்க்கவில்லை.

ஆனால் திறந்த நீர் என்றால் கொக்கும் நாரையும் வரும். இன்ஜினுக்குள் பறவை போவதைவிட விமானிக்குப் பெரிய பயம் அதிகம் இல்லை. ஆகவே ஓடுபாதை ஓரத்தில் நினைத்தபடி குளம் வெட்ட முடியாது. மூடிய தொட்டி, நிலத்தடிச் செறிவூட்டல், தேங்காமல் கொண்டுபோகும் வடிகால், பறவையைக் கண்காணிக்கும் ஆள் என்று யோசித்துத்தான் செய்ய வேண்டும். சாங்கி பல பத்தாண்டுகளாகச் செய்கிறது. ஓடுபாதையிலும் புல்தரையிலும் விழும் மழை இரண்டு நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. கடல் ஏற்றமும் கனமழையும் ஒரே நேரத்தில் வந்தால் சமாளிக்க ஒன்று, சேமிக்க மற்றொன்று. தீயணைப்புப் பயிற்சிக்கும் கழிவறைக்கும் அந்த நீர்தான்.

அந்த நீரில் எண்ணெய் இருக்காதா என்றால், விமானம் நிற்கும் இடத்தில் இருக்கும். எண்ணெய் பிரிக்கும் தொட்டி வைத்துத் தடுக்கலாம். நான் அதிகம் அஞ்சுவது தீயணைப்பு நுரையை. பழைய நுரைகளில் இருந்த பிஎஃப்ஏஎஸ் வேதிப்பொருட்கள் மண்ணில் கிட்டத்தட்டச் சிதைவதே இல்லை. ஸ்வீடனின் ரோனபி பகுதியில், கல்லிங்கே விமானப்படைத் தளத்தில் பயன்படுத்திய நுரை குடிநீரில் கலந்திருந்தது 2013இல் தெரியவந்தது. ரத்தத்தில் அந்த நஞ்சு அதிகம் இருப்பதே உடற்காயம்தான் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ஃப்ளோரின் இல்லாத நுரைகள் இன்று கிடைக்கின்றன.

நம்பிக்கை: பசுமை விமான நிலையம் என்று பெயர் வாங்கிவிட்டால் வெள்ளம் வராது.

கொச்சி நெடும்பாசேரி முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம். சூரியப் பலகைகளைக் கழுவும் நீரில் கீழே காய்கறி விளைகிறது. பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனாலும் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. நிலையம் இருக்கும் இடம் பெரியாற்றின் பக்கத்து வயல்வெளி; ஓடுபாதை செங்கல்தோடு என்ற ஓடையைக் குறுக்கே வெட்டியிருந்தது. வெள்ளத்துக்குப் பிறகுதான் வடிகாலுக்குப் பெரிய திட்டமே வந்தது.

சென்னை மீனம்பாக்கத்தின் கதையும் தூரமில்லை. இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின்மேல் பாலம் போட்டுக் கடக்கிறது. 2015 டிசம்பரில் ஆறு பெருகி உள்ளே வந்தபோது விமானச் சேவை நாள்கணக்கில் நின்றது. 2023இல் மிக்ஜாம் புயலன்றும் மூடினார்கள்.

இப்போது சென்னையின் அடுத்த விமான நிலையமாகப் பரந்தூர். ஏரியும் வயலும் உள்ள நிலத்தில் வருகிறது என்பதாலேயே ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். திட்ட வரைபடம் கையில் கிடைத்தால் முனையத்தின் அழகைவிட்டு, அந்த நிலத்தின் வழியே ஓடும் கம்பன் கால்வாயைத் தேடுங்கள். அந்தக் கால்வாய் ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரியின் உபரி செம்பரம்பாக்கத்துக்கு. செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றுக்கு, அதாவது மீனம்பாக்கம் ஓடுபாதையின் அடியில்.